சாலை மசோதாவோடு சமூகநல மசோதாவையும் சேர்த்துக் கட்டுவது எப்படி: அமெரிக்கக் காங்கிரஸில் ஒரு முற்போக்கு அணிக்கான செய்முறை

எல்லாரும் விரும்பும் மசோதா ஒன்று இருக்கிறது: சாலை, பாலம், ரயில், குடிநீர்க் குழாய். உங்கள் அணி மட்டும் விடாப்பிடியாக நிற்கும் மசோதா இன்னொன்று: குழந்தைகள் காப்பகம், முதியோர் பராமரிப்பு, சம்பளத்தோடு விடுப்பு, மருந்து விலை, பருவநிலை. முதலாவது தனியாகப் போய்விட்டால் இரண்டாவதைத் திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது. ஆகவே 'இரண்டும் சேர்ந்து வந்தால்தான் எங்கள் ஓட்டு' என்று பிடித்து வைக்க வேண்டும். 2021-இல் பிரதிநிதிகள் சபையில் ஜனநாயகக் கட்சியின் முற்போக்கு அணி இதைத்தான் செய்தது. அப்போதைய அணித் தலைவர் பிரமிளா ஜெயபால், சென்னையில் பிறந்தவர். 16 வயதில் படிக்க அமெரிக்கா போனவர். 2016-இல் சியாட்டில் தொகுதியில் வென்று சபைக்கு வந்தவர்.

அந்த முயற்சியில் சாலை கிடைத்தது, பருவநிலை தாமதமாகக் கிடைத்தது, காப்பகமும் விடுப்பும் கிடைக்கவில்லை. எது ஏன் நின்றது, எது ஏன் விழுந்தது என்று பிரித்துப் பார்த்தால் ஒரு செய்முறை கிடைக்கிறது. மசோதா வரைபவருக்கும், அணியில் ஓட்டு எண்ணுபவருக்கும், வெளியே நின்று நெருக்கடி கொடுக்கும் இயக்கங்களுக்கும் இது பயன்படும்.

எழுதுவதற்கு முன் எண்ணுங்கள்

இந்தியாவில் கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகலாம். 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் அப்படி. அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. அங்கும் கொறடா உண்டு. கெஞ்சுவார், கமிட்டிப் பதவியைக் காட்டி மிரட்டுவார், அதற்கு மேல் அவரால் முடியாது. எனவே கட்சிக்கு எத்தனை இடம் என்பது பாதிக் கணக்குதான். எத்தனை பேர் மறுத்தால் மசோதா விழும் என்பதே முழுக்கணக்கு.

2021 செப்டம்பரில் சபையில் ஜனநாயகக் கட்சிக்கு 220 பேர், குடியரசுக் கட்சிக்கு 212 பேர். எதிர்க்கட்சி முழுவதும் எதிர்த்தால், ஆளுங்கட்சியில் மூவர் போனாலும் 217-215 என்று பிழைக்கலாம். நாலாவது ஆள் போனால் 216-216. சமமாக நின்றால் மசோதா தோற்றது என்று பொருள். ஆக, நாலு பேர் கையில் தடை இருக்கிறது. சுமார் 95 பேர் கொண்ட அணிக்கு இது பெரிய பலம்தான். ஆனால் நியூஜெர்சியின் ஜாஷ் காட்ஹைமர் தலைமையில் நின்ற 10 மிதவாதிகளுக்கும் அதே தடை கையில் இருந்தது. இந்த விஷயத்தில் 95-க்கும் 10-க்கும் வித்தியாசமில்லை.

எதிர்க்கட்சியிலிருந்து ஓட்டு வரக்கூடிய மசோதாவென்றால் கணக்கை மாற்றிப் போடுங்கள். அடிப்படைத் தேவை 4. அந்தப் பக்கத்திலிருந்து வருபவர் ஒவ்வொருவருக்கும் இன்னொன்றைக் கூட்டுங்கள். நவம்பர் 5 இரவு உள்கட்டமைப்பு மசோதா 228-206 என்று நிறைவேறியபோது 13 குடியரசுக் கட்சியினர் ஆதரித்தார்கள். அன்று அதைத் தடுக்க 17 பேர் வேண்டியிருந்தது. மறுத்தவர்கள் 6 பேர். 'நாலு பேர் போதும்' என்ற பழைய கணக்கோடு அன்று களத்தில் நின்றவர்கள் ஏமாந்திருப்பார்கள். இந்த எண்ணை வாரத்துக்கு ஒருமுறை திருத்தி எழுத ஒரு ஆளை நியமியுங்கள். இடைத்தேர்தல், மரணம், ராஜினாமா என்று இருக்கைகள் மாறிக்கொண்டே இருக்கும். நவம்பர் 5 அன்று பலம் 221-213.

செனட்டில் கணக்கு சுலபம், நிலைமை மோசம். அப்போது 50-50, அன்றைய துணை அதிபர் கமலா ஹாரிஸ் சமநிலையை உடைப்பார். ஒருவர் மறுத்தாலும் முடிந்தது. அந்த ஒருவர் சில நாள் மேற்கு வர்ஜீனியாவின் ஜோ மான்சின், சில நாள் அரிசோனாவின் கிர்ஸ்டன் சினிமா (நம் சினிமா அல்ல, அம்மையாரின் பெயரே அதுதான்).

எந்த வாசல் வழியாக

சாதாரண மசோதாவுக்குச் செனட்டில் 60 பேர் தேவை. இல்லையென்றால் ஃபிலிபஸ்டர் என்ற முடிவில்லா விவாதத்தில் மாட்டிக்கொள்ளும். உள்கட்டமைப்பு மசோதா அந்த வாசலில் போனது: 2021 ஆகஸ்ட் 10-இல் 69-30, குடியரசுக் கட்சியினர் 19 பேர் ஆதரவு. மொத்தம் சுமார் 1.2 லட்சம் கோடி டாலர், அதில் புதுப் பணம் 55,000 கோடி டாலர். சாலைக்கும் பாலத்துக்கும் 11,000 கோடி, ரயிலுக்கு 6,600 கோடி, இணைய வசதிக்கு 6,500 கோடி, ஈயக் குழாய்களை மாற்ற 1,500 கோடி.

சமூகநல மசோதாவுக்கு 60 பேர் கிடைக்கமாட்டார்கள். அதற்கு 1974-ஆம் ஆண்டு பட்ஜெட் சட்டம் திறந்துவைத்த பக்கவாசல் ஒன்று இருக்கிறது: ரீகன்சிலியேஷன். விவாதத்துக்கு 20 மணி நேர வரம்பு, 51 ஓட்டு போதும். வரிசை மாறாமல் செய்ய வேண்டியது இது: முதலில் இரு அவைகளும் பட்ஜெட் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும், அதற்கு அதிபர் கையெழுத்து தேவையில்லை. அந்தத் தீர்மானம் எந்தக் கமிட்டி எவ்வளவு பணத்துக்குள் எழுதலாம் என்று ஆணையிடும். கமிட்டிகள் எழுதித் தரும் பகுதிகளைச் சேர்த்ததுதான் மசோதா.

தீர்மானத்தில் போடும் தொகை உச்சவரம்பு, வாக்குறுதி அல்ல. செனட் பட்ஜெட் கமிட்டித் தலைவர் பெர்னி சாண்டர்ஸ் 6 லட்சம் கோடி டாலர் என்று ஆரம்பித்தார். ஆகஸ்ட் 11 அதிகாலை 50-49 என்று நிறைவேறியது 3.5 லட்சம் கோடிக்கான தீர்மானம். பத்திரிகைகள் அதை மசோதாவின் விலையாகவே எழுதின. அணியும் அந்த எண்ணையே கொடியாகப் பிடித்தது. பெரிய தவறு. மக்களுக்குக் காப்பகச் செலவு எவ்வளவு குறையும் என்பது தெரியவில்லை, 3.5 என்ற எண் மட்டும் தெரிந்தது. எண்ணைப் பிடித்துப் போராடினால், எண் குறையும் ஒவ்வொரு நாளும் உங்கள் தோல்வியாகவே தெரியும்.

பேர்ட் விதிக்குத் தப்புமாறு எழுதுவது

பக்கவாசலில் ஒரு காவலாளி உண்டு. மேற்கு வர்ஜீனியா செனட்டர் ராபர்ட் பேர்ட் 1985-இல் கொண்டுவந்த விதி, அவர் பெயராலேயே வழங்குகிறது. (மான்சின் அமர்ந்தது அவர் விட்டுச்சென்ற இருக்கையில், அந்த மாநிலத்துக்கும் சமூகநல மசோதாக்களுக்கும் ஏதோ பொருத்தம்.) வரவுசெலவை மாற்றாத பிரிவு, மாற்றினாலும் அது கொள்கையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்ட விளைவாக மட்டும் இருக்கும் பிரிவு, கமிட்டியின் அதிகார எல்லைக்கு வெளியே போகும் பிரிவு, பட்ஜெட் காலத்துக்கு அப்பால் பற்றாக்குறையைக் கூட்டும் பிரிவு, சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தைத் தொடும் பிரிவு: எல்லாம் வெட்டப்படும். எது வெட்டுப்படும் என்று சொல்பவர் செனட்டின் அவைவிதி ஆலோசகர், அப்போது எலிசபெத் மெக்டோனா. அவர் கருத்தைத் தாண்ட 60 ஓட்டு வேண்டும். இந்தியாவில் ஒரு மசோதா பண மசோதாவா என்பதை மக்களவைத் தலைவர் முடிவு செய்கிறார். இங்கே கட்சி சாராத ஓர் அலுவலர் வரிவரியாகப் பார்க்கிறார். இரு கட்சி அலுவலர்களும் அவர்முன் வாதாடும் அமர்வுக்குப் 'பேர்ட் குளியல்' என்றும், வெட்டி விழும் பிரிவுகளுக்குப் 'பறவை எச்சம்' என்றும் காங்கிரஸ் கட்டடமான கேபிடலில் பெயர் (பேர்ட் என்றால் ஆங்கிலத்தில் பறவை என்றும் ஒலிக்கும்).

வரைபவர் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: 'செய்' என்ற ஆணையை 'செய்தால் பணம், செய்யாவிட்டால் கட்டணம்' என்று மாற்றுங்கள்.

மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலி 2021 பிப்ரவரி 25-இல் வெட்டுப்பட்டது. பத்தாண்டில் பற்றாக்குறையை 5,400 கோடி டாலர் மாற்றும் என்று சிபிஓ எனப்படும் காங்கிரஸ் பட்ஜெட் அலுவலகமே கணக்கிட்டிருந்தது; ஆகவே நிதி விளைவு இருக்கிறது என்று சாண்டர்ஸ் தரப்பு நம்பியது. தொகை பெரியது என்பது போதவில்லை. கூலியைக் கொடுப்பது தனியார் முதலாளி. அரசுக் கணக்கில் வருவது அதன் பக்கவிளைவு. ஆவணமில்லாக் குடியேறிகளுக்குச் சட்ட அந்தஸ்து தரும் பிரிவு மூன்று வடிவங்களில் போனது: செப்டம்பரில் இரண்டு முறை, டிசம்பர் 16-இல் ஒரு முறை. மூன்றும் விழுந்தன.

தப்பியவற்றைப் பாருங்கள். தொழிலாளர் உரிமையை மீறும் முதலாளிக்குத் தடை போட முடியாது, ஆனால் 50,000 டாலர் வரை அபராதம் போடலாம். சபையின் வரைவில் அப்படித்தான் இருந்தது. மீத்தேன் கசிவைத் தடுக்க ஆணையிட முடியாது. டன்னுக்கு 900 டாலரில் தொடங்கி 1,500 வரை ஏறும் கட்டணம் 2022 சட்டத்தில் நுழைந்துவிட்டது. தூய மின்சாரத்தை இத்தனை விழுக்காடு தயாரிக்க வேண்டும் என்று சொல்ல வழியில்லை என்பதால், ஆண்டுக்கு 4 புள்ளி உயர்த்தும் மின்நிறுவனத்துக்கு மானியம், உயர்த்தாததற்குக் கட்டணம் என்று எழுதினார்கள். அழகான வரைவு. விதியைத் தாண்டுமுன்பே மான்சின் அதை அக்டோபரில் நீக்கச் செய்துவிட்டார் என்பது வேறு கதை.

ஒவ்வொரு பிரிவுக்கும் மாற்று வரைவு ஒன்று கையில் இருக்கட்டும். குளியலில் வெட்டுப்பட்ட பிறகு எழுத உட்கார்ந்தால் நாள் போதாது. வெட்டுப்படும் என்று தெரிந்தே ஒரு பிரிவை வைப்பதும் உண்டு, எதிர்க்கட்சியை அதற்கு எதிராக ஓட்டுப்போட வைக்க. தனியார் காப்பீட்டில் இன்சுலினுக்கு மாதம் 35 டாலர் உச்சவரம்பு அப்படித்தான் 57-43 என்று நின்று விழுந்தது. 60 வேண்டியிருந்தது. முதியோருக்கான மெடிகேரில் அதே 35 டாலர் பிழைத்தது, ஏனென்றால் அங்கே பணம் கட்டுவது அரசு.

'துணை அதிபர் இருக்கையில் அமர்ந்து ஆலோசகரை மீறட்டுமே' என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள். காகிதத்தில் சாத்தியம். 2021-இல் வெள்ளை மாளிகை மறுத்துவிட்டது; மீறினாலும் 50 பேரும் கூட நிற்க வேண்டும், மான்சின் நின்றிருக்கமாட்டார். அதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

தொகை குறையும்போது எதை வெட்டுவது

குறையும். அதில் சந்தேகம் வேண்டாம். 3.5 லட்சம் கோடி என்று ஆரம்பித்தது, அக்டோபர் 28-இல் அதிபர் பைடன் அறிவித்த சட்டகத்தில் 1.75 லட்சம் கோடி. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை.

வெட்ட இரண்டு முறைகள் உண்டு. திட்டங்களைக் குறைத்துப் பத்தாண்டும் நடத்துவது ஒன்று. எல்லாத் திட்டத்தையும் வைத்துக்கொண்டு ஆண்டுகளைக் குறைப்பது மற்றொன்று. முற்போக்கு அணி இரண்டாவதைத் தேர்ந்தது. மழலையர் பள்ளிக்கும் காப்பகத்துக்கும் ஆறு ஆண்டு, குழந்தை வரிச்சலுகைக்கு ஒரே ஆண்டு நீட்டிப்பு. அணிக்குள் அமைதி காக்க இது வசதி. ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு திட்டம் உயிர். எதையும் கைவிட வேண்டியதில்லை. மக்கள் ருசி பார்த்துவிட்டால் பிறகு யாராலும் நிறுத்த முடியாது என்ற எதிர்பார்ப்பும் இருந்தது.

எங்கள் கருத்தில் அந்தத் தேர்வு தவறு. காரணங்களில் முதலாவது, அந்த எதிர்பார்ப்பு ஏற்கெனவே பொய்த்துக்கொண்டிருந்தது. 2021 மார்ச்சில் நிறைவேறிய மீட்புச் சட்டம் குழந்தை வரிச்சலுகையை ஆறு வயதுக்குக் கீழே 3,600 டாலராகவும் அதற்கு மேல் 3,000 டாலராகவும் உயர்த்தி, ஜூலையிலிருந்து மாதாமாதம் கணக்கில் போட்டது. அரசு உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் துணை வறுமை அளவீட்டில் குழந்தை வறுமை 2021-இல் 5.2 விழுக்காட்டுக்கு இறங்கியது. டிசம்பரோடு பணம் நின்றது, 2022-இல் 12.4 விழுக்காடு. ருசி பார்த்தவர்கள் தெருவுக்கு வரவில்லை. இரண்டாவது, குறுங்காலத் திட்டத்தை எதிரி நீட்டிக் கணக்குப் போடச் சொல்வார். சொன்னார்: குடியரசுக் கட்சி செனட்டர் லிண்ட்சே கிரஹாம் கேட்டதற்கு சிபிஓ டிசம்பர் 10-இல் பதில் தந்தது. எல்லாத் திட்டமும் நிரந்தரமானால் பத்தாண்டில் பற்றாக்குறை 3 லட்சம் கோடி டாலர் கூடும் என்றது. அதே நாளில் வெளியான பணவீக்க எண் 6.8 விழுக்காடு. மான்சின் 'கணக்கில் கண்கட்டு வித்தை' என்ற பொருளில் நவம்பர் முதல் நாளே பேசியிருந்தார். இப்போது அவர் கையில் தாளும் வந்துவிட்டது.

ஆகவே, தொகை பாதியாகும் நாளுக்காக இரண்டு மூன்று திட்டங்களை முன்கூட்டியே வரிசைப்படுத்தி வையுங்கள், அணியின் ரகசிய வாக்கெடுப்பில். எது முதலில், எது கடைசியில் என்று தலைவருக்குத் தெரிய வேண்டும். வெளியே சொல்லத் தேவையில்லை. வரிசை இல்லாத அணிக்கு எதிராளி வரிசை போட்டுக் கொடுப்பார்.

அணியைக் கட்டுவது

இதில் ஜெயபால் செய்தது பாடமாகவே வைக்கத்தக்கது. 2020 இறுதியில் அணியின் விதிகளை மாற்றினார்கள். இரண்டு இணைத்தலைவர்களுக்குப் பதில் ஒரே தலைவர். மூன்றில் இரண்டு பங்கினர் ஏற்ற நிலைப்பாடுகளில், ஒவ்வொரு உறுப்பினரும் குறைந்தது மூன்றில் இரண்டு முறை அணியோடு ஓட்டுப்போட வேண்டும். பெயருக்கு உறுப்பினராக இருந்தவர்கள் சிலர் விலகினர். நல்லதுதான். பிரசுரத்தில் போட்டுக்கொள்ளும் அடையாளமாக இருந்த அணி, ஓட்டு எண்ணக்கூடிய அணியானது.

எண்ணும்போது ஆளாளாகப் பேசுங்கள். குழுக் கூட்டத்தில் கைதூக்கச் சொன்னால் எல்லாரும் வீரர்கள். 'மசோதா நாளைக்கு வந்தால், அதிபர் போன் செய்தால், உங்கள் மாநில ஆளுநர் போன் செய்தால், அப்போதும் மறுப்பீர்களா?' என்று கேட்டுவிட்டு, தயங்கியவரை மசோதாவை ஆதரிப்பவர் பக்கம் எழுதுங்கள். எண்ணை வெளியிடலாம், பெயரை வெளியிடாதீர்கள். ஜெயபால் சொன்னது 'அணியில் பாதிக்கு மேல்' என்பது மட்டும். யார் யார் என்று தெரியாதபோது தலைமையால் ஒவ்வொருவராகப் பிரித்தெடுக்க முடியாது.

தோற்கும் மசோதாவை அன்றைய சபைத் தலைவர் நான்சி பெலோசி ஓட்டுக்கு விடமாட்டார் என்பதையும் அணி சரியாகக் கணித்தது. செப்டம்பர் 27-க்கு வாக்குறுதி தரப்பட்ட ஓட்டெடுப்பு 30-க்குத் தள்ளிப்போனது, 30 நள்ளிரவில் அதுவும் இல்லை. அக்டோபர் 1-இல் பைடன் நேரில் வந்து, ஆறு நிமிடமோ ஆறு நாளோ ஆறு வாரமோ, அவசரமில்லை என்ற பொருளில் பேசிவிட்டுப் போனார். ஓட்டே போடாமல் தடுத்தாயிற்று.

தடுப்பதற்கும் விலை உண்டு. சாலைத் திட்ட அதிகாரம் செப்டம்பர் 30-இல் காலாவதியானதால் போக்குவரத்துத் துறையில் சுமார் 3,700 பேர் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். மறுநாளே குறுங்கால நீட்டிப்பு வந்தது. இப்படிப்பட்ட காலக்கெடுவை முன்பே காலண்டரில் குறித்து, நீட்டிப்பு மசோதாவை நீங்களே தயாராக வைத்திருங்கள். இல்லையென்றால் தலைப்புச் செய்தியில் வில்லன் நீங்கள்தான்.

முடிச்சு யார் கையில்

இனிதான் முக்கியமான இடம். இரண்டு மசோதாக்களைக் கட்டும்போது, முதல் மசோதாவை யார் விரும்புகிறாரோ அவரைத்தான் கட்டுகிறீர்கள். காட்ஹைமர் குழு உள்கட்டமைப்பை விரும்பியது, அதனால் அவர்கள் கட்டுண்டார்கள். மான்சினும் சினிமாவும் அதை எழுதியவர்கள், அவர்களும் விரும்பினார்கள். சபையில் அது தேங்கி நிற்கும்வரை செனட்டில் அந்த இருவருக்கும் பேச்சுவார்த்தையில் உட்காரக் காரணம் இருந்தது.

நவம்பர் 2-இல் வர்ஜீனியா ஆளுநர் தேர்தலில் கட்சி தோற்றது. நெருக்கடி கூடியது. நவம்பர் 5-இல் கறுப்பின உறுப்பினர் அணியின் தலைவர் ஜாய்ஸ் பீட்டி வழியாக ஒரு சமரசம் வந்தது: உள்கட்டமைப்பை அன்றே நிறைவேற்றுவது, சமூகநல மசோதாவுக்கு அன்று விவாத விதியை மட்டும் நிறைவேற்றுவது. மிதவாதிகள் ஐவர் எழுத்தில் கையெழுத்திட்டார்கள்: சிபிஓ கணக்கு வெள்ளை மாளிகைக் கணக்கோடு ஒத்துவந்தால் நவம்பர் 15-இல் தொடங்கும் வாரத்துக்குள் ஆதரிப்போம். அணி ஒத்துக்கொண்டது. ஒகாசியோ-கோர்ட்டெஸ், ஒமர், தலைப், பிரெஸ்லி, போமன், புஷ் ஆறு பேர் மட்டும் மறுத்தனர்.

அந்தத் தாள் நன்றாகவே வேலை செய்தது. நவம்பர் 18-இல் வந்த சிபிஓ கணக்கு 36,700 கோடி டாலர் பற்றாக்குறை காட்டியது. வரி ஏய்ப்பு வேட்டையில் எதிர்பார்த்த 20,700 கோடியை அது தனியே வைத்திருந்தது. அதை வைத்துத் தப்பிக்க இடமிருந்தது, ஐவரும் தப்பிக்கவில்லை. மறுநாள் காலை, சபையில் குடியரசுக் கட்சித் தலைவரான கெவின் மெக்கார்த்தி இரவெல்லாம் எட்டரை மணி நேரம் பேசி முடித்த பிறகு, 220-213. கட்சியில் எதிர்த்தவர் மேய்னின் ஜாரெட் கோல்டன் ஒருவரே. (இப்படி ஒரு தாள் எழுதும்போது எந்த எண், எதைச் சேர்த்து, எதை விட்டு என்று குறிப்பிட்டே எழுதுங்கள். அடுத்த ஐவர் இவ்வளவு நல்லவர்களாக இருக்கமாட்டார்கள்.)

ஆனால் அந்தத் தாளில் இருந்தவர்கள் சபைக்காரர்கள். செனட்டின் 50-ஆவது ஓட்டு அதில் இல்லை. பைடன் நவம்பர் 15-இலேயே உள்கட்டமைப்பில் கையெழுத்திட்டுவிட்டார். ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தாயிற்று. டிசம்பர் 19, ஞாயிறு, தொலைக்காட்சியில் மான்சின் 'முடியாது' என்றார்.

கயிற்றை விடாமல் பிடித்திருந்தால் மான்சின் இறங்கியிருப்பாரா? உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டும் போனால் போகட்டும் என்று இருந்துவிடக்கூடியவர்தான் அவர். ஆனால் கயிற்றுக்கு என்ன விலை கேட்கலாம் என்பது தெளிவாகத் தெரிந்த விஷயம். ஜூலை 28-லேயே மான்சினும் செனட் தலைவர் சக் ஷூமரும் ஒரு தாளில் கையெழுத்திட்டிருந்தார்கள்: உச்சவரம்பு 1.5 லட்சம் கோடி. செப்டம்பர் 30-இல் அது பத்திரிகையில் வரும்வரை சபைக்காரர்கள் 3.5 பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். பேரத்துக்கு உட்காருமுன் உங்கள் பக்கத் தலைமையிடம் நேராகக் கேளுங்கள்: கடைசி ஓட்டுக்காரரோடு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் காட்டுங்கள். இல்லையென்றால், அவர் எந்தத் தொகைக்கு, எந்தத் திட்டங்களுக்குச் சம்மதம் என்று ஒரு பக்கத் தாளில் எழுதி வாங்கிய பிறகே கயிற்றை அவிழ்ப்போம் என்று சொல்லுங்கள். அதிபர் 'எனக்கு நம்பிக்கை இருக்கிறது' என்பது தாள் ஆகாது.

கயிறு எதிர்க்கட்சிக்கும் தெரிந்த வித்தை. 2022 ஜூன் இறுதியில் செனட்டில் குடியரசுக் கட்சித் தலைவரான மிட்ச் மெக்கனல், சமூகநல மசோதாவைக் கைவிடாவிட்டால் சிப் தொழிற்சாலை மசோதாவைத் தடுப்பேன் என்றார். மான்சின் ஜூலை நடுவில் பின்வாங்கியதும் கயிறு தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். ஜூலை 27-இல் சிப் மசோதா 64-33 என்று செனட்டில் நிறைவேறியது. சில மணி நேரத்தில் மான்சின்-ஷூமர் ஒப்பந்தம் வெளியானது. நவம்பரில் ஜெயபால் அணிக்கு நடந்ததேதான், பக்கம் மட்டும் மாறி.

மசோதா செத்தபின் செய்ய வேண்டியவை

பட்ஜெட் தீர்மானம் அந்த நிதியாண்டு முடியும்வரை, அதாவது செப்டம்பர் 30 வரை, உயிரோடு இருக்கும். சபை நிறைவேற்றி அனுப்பிய மசோதா செனட் மேசையில் கிடக்கும். அதைத் திரும்பப் பெறாதீர்கள், 'செத்தது' என்று அறிவிக்கவும் வேண்டாம். 2021 நவம்பரில் சபை அனுப்பிய எச்.ஆர். 5376 என்ற எண்ணிலேயே, உள்ளிருந்ததை எடுத்துவிட்டுப் புது வாசகத்தை வைத்து, பணவீக்கக் குறைப்புச் சட்டம் வந்தது. பருவநிலைக்கும் எரிசக்திக்கும் சுமார் 36,900 கோடி டாலர், மருந்து விலையில் அரசு பேரம் பேசும் அதிகாரம், பெருநிறுவனங்களுக்கு 15 விழுக்காடு குறைந்தபட்ச வரி. மான்சினோடு முடிந்ததும் சினிமா தன் விலையைச் சொன்னார்: முதலீட்டு நிதி மேலாளர்களின் வரிச்சலுகையைத் தொடக் கூடாது, வறட்சிக்கு 400 கோடி வேண்டும். கடைசி ஓட்டு இரண்டு பேரிடம் இருந்தால் விலையும் இரண்டு. அதற்கென்று கொஞ்சம் பணத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டே முதலாமவரோடு முடியுங்கள்.

பிறகு திருத்த ஓட்டெடுப்பு மாரத்தான். 20 மணி நேர விவாதம் முடிந்தபின் யார் வேண்டுமானாலும் எத்தனை திருத்தம் வேண்டுமானாலும் கொண்டுவரலாம். இரவு முழுக்க நடக்கும். ஒப்பந்தம் நூலிழையில் நிற்பதால், உங்களுக்குப் பிடித்த திருத்தத்தையும் சேர்த்தே தோற்கடிக்க வேண்டியிருக்கும். குழந்தை வரிச்சலுகையைத் திரும்பக் கொண்டுவர சாண்டர்ஸ் வைத்த திருத்தத்தை அவரோடு ஒரே கட்சி வரிசையில் அமர்ந்தவர்களே எதிர்த்தார்கள். இதை முன்கூட்டியே உங்கள் இயக்கத்தாரிடம் சொல்லிவிடுங்கள், அதிகாலை மூன்று மணிக்குத் துரோகி என்று போன் வருவதற்குள்.

2022 ஆகஸ்ட் 7-இல் செனட்டில் 51-50. 12-இல் சபையில் 220-207. காப்பகம், மழலையர் பள்ளி, விடுப்பு, வீட்டுவசதி எதுவும் அதில் இல்லை. முற்போக்கு அணியில் ஒருவரும் எதிர்க்கவில்லை.